நல்ல கிடாவை விற்றுவிடாதீர்கள்!
எடை பார்த்துப் பொலிகிடா தேர்வு செய்வது எப்படி?



தவணை கட்டவோ, பள்ளிக்கூடச் செலவுக்கோ பணம் தேவைப்படும்போது ஆட்டைத்தான் விற்கிறோம். வியாபாரி மந்தையிலேயே பெரிய கிடாக்குட்டியைக் கேட்கிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். விலைபோகாத சவலைக் கிடா வீட்டிலேயே தங்கி, எல்லாப் பெட்டைகளோடும் சேர்ந்துவிடுகிறது. பிறகு, "முன்ன மாதிரி குட்டிங்க எடை போட மாட்டேங்குதே" என்று வருத்தப்படுகிறோம். தீனி மட்டுமா காரணம்? கிடாவும் காரணம்தான்.

ரத்தமா, தீனியா?

ஒரு குட்டி பெரிதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தாய் தகப்பனிடமிருந்து ரத்தத்தில் வந்த வாகு. இன்னொன்று, தாய்ப்பால், தீனி, மழைக்காலப் பசுமை போன்ற வசதி. வசதியால் வந்த எடை அதன் குட்டிகளுக்குப் போகாது. ரத்தத்தில் வந்ததுதான் போகும்.

இதை எப்படிப் பிரித்து அறிவது? சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், குட்டி பிறந்தது முதல் எடை போட்டு எழுதி வைக்கிறார்கள். இன்ன கிடாவுக்குப் பிறந்தது என்றும் குறிக்கிறார்கள். ஒரே மாதிரிப் பராமரிப்பில் ஒரு கிடாவின் குட்டிகள் எல்லாம் நன்றாக வளர்ந்து, இன்னொரு கிடாவின் குட்டிகள் பின்தங்கினால், அந்த வித்தியாசம் ரத்தத்தால் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். மந்தையில் தெரியும் எடை வித்தியாசத்தில் ரத்தத்தின் பங்கு எவ்வளவோ, அதற்கு 'மரபுத்திறன்' என்று பெயர். ஆடுகளின் வளர்ச்சிக்கு இது பெரும்பாலும் 10 முதல் 40 சதவீதம் வரை இருக்கிறது.

ஒரு கணக்கு

கிடாக்குட்டிகளின் சராசரி எடை 10 கிலோ, நாம் நிறுத்திய கிடா 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 3 கிலோ. மரபுத்திறன் 30 சதவீதம் என்றால் ரத்தத்தின் பங்கு 900 கிராம். தகப்பன் கொடுப்பது பாதி. ஆகவே குட்டிக்குச் சராசரியாக 450 கிராம் கூடும். 40 குட்டிக்கு 18 கிலோ! சராசரியைவிட 3 கிலோ குறைந்த சவலைக் கிடாவை விட்டால் இதே அளவு நஷ்டம்.

நாம் செய்ய வேண்டியவை

* பிறந்த அன்றும், 3 மாதத்திலும், 6 மாதத்திலும் எடை போடுங்கள். தொங்கு தராசும் ஒரு சாக்கும் போதும். காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் போடுங்கள்.

* வயதைச் சமப்படுத்துங்கள். பிறந்தபோது 2 கிலோ இருந்த குட்டி 80 நாளில் 10 கிலோ என்றால், தினம் 100 கிராம் வளர்ந்திருக்கிறது. 90 நாளில் 11 கிலோ வரும். அதேபோல் 2 கிலோவில் பிறந்த இன்னொன்று 100 நாளில் 11 கிலோ என்றால், 90 நாள் கணக்கில் 10 கிலோ 100 கிராம்தான். பார்வைக்குச் சிறியதுதான் இங்கே கெட்டிக்காரக் குட்டி!

* ஒற்றைக் குட்டியை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுங்கள். இரட்டைக் குட்டிகள் பாலைப் பங்கு போட்டுக் குடிக்கின்றன. ஒரே பருவத்தில் பிறந்தவையாகவும் இருக்கட்டும்.

* 3 மாத எடையில் தாய்ப்பாலின் செல்வாக்கு அதிகம். 6 மாத எடையையும் பார்த்தே முடிவு செய்யுங்கள். கால் உறுதி, இரண்டு விதைகளும் சமமாக இருப்பதையும் கவனியுங்கள்.

* மற்ற கிடாக்குட்டிகளை 3 மாதத்துக்கு மேல் பெட்டைகளோடு விடாதீர்கள்.

* 2 வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். இல்லையென்றால் தன் மகளோடே சேரும். குட்டிகள் நலிந்து போகும்.

குழுவாகச் செய்தால்தான் முடியும்

ஒரு வீட்டில் நாலைந்து ஆடுதான் இருக்கும். அதில் ஒப்பிட முடியாது. குழுவின் எல்லா ஆடுகளுக்கும் ஒரே எடை நோட்டுப் போடுங்கள். நல்ல கிடாவை வைத்திருப்பவருக்கும் பணக்கஷ்டம் உண்டு. "விக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது. சந்தை விலை கொடுத்துக் குழுவே அதை வாங்கலாம். சினைக்கு விடும்போது உறுப்பினர்களிடம் ஒரு சிறு தொகை வசூலித்தால் பராமரிப்புச் செலவுக்கு ஆகும். பக்கத்து ஊர்க் குழுவோடு கிடாவை மாற்றிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானம் எழுதுங்கள். வியாபாரி வருவதற்கு முன்னால் தராசு வரட்டும்!