மஞ்சளும் அம்மாவின் நுரையீரலும்

அம்மாவுக்கு நுரையீரல் தழும்பு நோய். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: மஞ்சள். அதை வெறும் கைவைத்தியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

காயம் பட்ட இடத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் கொலாஜன் நாரைச் சுரந்து மூடும். மூடியதும் ஓய்ந்துவிட வேண்டும். இந்த நோயில் ஓய்வதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அவற்றை உசுப்பிக்கொண்டே இருப்பதால் காற்றறைகளின் மெல்லிய சுவர் தடித்து விறைக்கிறது. ரத்தத்தில் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. கொடியில் நாலு துணி உலர்த்துவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது இதனால்தான்.

விலங்குத் தோலும் பெரும்பகுதி கொலாஜன்தான். அந்தக் கொலாஜனை நன்கறிந்த சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2000இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எலிகளுக்கு பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தி நுரையீரலில் தழும்பு உண்டாக்கினார்கள். மஞ்சளிலுள்ள குர்குமினைச் சாப்பிட்ட எலிகளுக்கு அழற்சியும் குறைவு, கொலாஜனும் குறைவு.

படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த எலிகளுக்குக் குர்குமின் கொடுக்கத் தொடங்கியது பிளியோமைசினுக்குப் பத்து நாள் முன்பே. அம்மாவுக்கு நோய் என்று தெரிந்தபோதே தழும்பு விழுந்திருந்தது. வருமுன் தடுப்பது வேறு, வந்ததைக் கரைப்பது வேறு. போதாததற்கு, குர்குமின் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வதும் மிகச் சொற்பம்.

தேயிலை விஷயத்தில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சைத் தேயிலையின் இஜிசிஜி என்ற பொருளை நோயாளிகள் சிலருக்கே கொடுத்தார்கள். பயாப்ஸிக்கு முன் இரண்டு வாரம், தினம் 600 மில்லிகிராம். எடுத்த சதையில் டிஜிஎஃப்-பீட்டாவின் வேகம் தணிந்திருந்தது. 2020இல் வெளியான இந்த முடிவு மிகச் சிலரிடம் கண்டது. மூச்சு எளிதாகுமா, ஆயுள் கூடுமா என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டும். அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

இப்போது கையிலிருக்கும் மருந்துகளில் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. நோயின் வேகத்தைக் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது. இரண்டுக்குமே கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சள் கேப்ஸ்யூல்களும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன.

அதனால் சித்தி ஆசையாக வாங்கிவந்த கேப்ஸ்யூல் டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேட்பதாக இருக்கிறேன். குழம்பில் போடும் மஞ்சளை அம்மா வழக்கம்போலப் போடுகிறார்.