கம்பு மாவு கசப்பதேன்?

"கூழானாலும் குளித்துக் குடி" என்பது நம் முன்னோர் சொல். கூழைப் பற்றி இன்னொரு விதியும் அவர்களுக்கு உண்டு. அதைச் சொல்லில் வைக்காமல் பழக்கத்தில் வைத்திருந்தார்கள். கூழ் என்றால் அன்று காலையில் கரைத்தது. கூழுக்கு மாவு என்றால் அந்த வாரம் இடித்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டில் விளைந்த கம்பை வீட்டுக் குலுக்கையில் தானியமாகவே வைத்திருந்து, வேண்டிய அளவு மட்டும் உரலில் போட்டார்கள். அந்தப் பழக்கம் கைவிட்டுப் போனதால் வரும் நஷ்டம் இன்று நம் கடை வாசலில் வந்து நிற்கிறது.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு கம்புக்கும் கேப்பைக்கும் புதிய மவுசு வந்தது. கோடை விற்பனையை நம்பி நாங்கள் பங்குனியில் நான்கு மூட்டைக் கம்பை ஒரேயடியாக அரைத்து, அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டு சில்லரைக் கடைகளுக்கு அனுப்பினோம். சித்திரை பாதியில் பாக்கெட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. "மாவு கசக்குது அண்ணாச்சி, பழைய கம்பைத் தலையில கட்டிட்டீங்களே" என்றார் நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர். கம்பு பழையதல்ல, தை மாத அறுவடைச் சரக்கு. அதே குவியலில் மீதியிருந்த தானியத்தை அன்றே அரைத்துப் பார்த்தோம். துளியும் கசப்பில்லை. குற்றம் கம்பில் இல்லை, நாங்கள் முன்கூட்டியே அரைத்ததில்தான் என்பது அப்போது விளங்கியது.

தானியம் தாங்கும், மாவு தாங்காது

காரணம் கம்பிலுள்ள எண்ணெய்ச் சத்து. 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு உண்டு. கோதுமையில் ஒன்றரை கிராம், தீட்டிய அரிசியில் அரை கிராம் அளவே. கம்பின் எண்ணெய் பெரும்பாலும் அதன் முளைப் பகுதியில் இருக்கிறது. அந்த எண்ணெயைச் சிதைக்கும் லைப்பேஸ் என்னும் நொதிப்பொருளும் அதே தானியத்தில்தான் இருக்கிறது. மணி முழுதாக இருக்கும் வரை இரண்டும் அதனதன் இடத்தில் அடங்கிக் கிடக்கும். அரைத்த மறுகணம் இரண்டும் கலந்துவிடுகின்றன. எண்ணெய் கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. பிறகு காற்றுப் பட்டு காறல் வாடையும் கசப்பும் ஏறுகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் கம்பு மாவு ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் நன்றாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக் கடையில், அதற்கும் முன்பே கெடலாம்.

காற்றுப் புகாத பை போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணெய் உடைவதற்குக் காற்றே வேண்டாம், மாவிலுள்ள ஈரம் போதும். பை கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர தடுக்காது. நன்கு காய்ந்த முழுக் கம்போ ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை தாங்கும்.

கூழ் ஆகும் விதம்

மாவு புதிதாக இருக்க வேண்டியதன் அவசியம் கூழ் தயாராகும் முறையைப் பார்த்தால் தெரியும். கம்பில் நீர் தெளித்துப் பிசறி, இடித்துப் புடைத்துத் தவிடு நீக்கி, மாவும் குருணையுமாக எடுத்துக்கொள்கிறோம். மாலையில் நீரில் கரைத்து, முந்தைய கூழில் ஒரு கரண்டி விட்டு மூடி வைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும். மறுநாள் அரிசி நொய்யோடு சேர்த்துத் துடுப்பால் கிளறிக் காய்ச்சி, மண் பானையில் இரவு முழுதும் ஆற விடுகிறோம். அடுத்த காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ்.

இந்த இரண்டு இரவிலும் வேலை செய்பவை, பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். சிறிதளவு ஈஸ்டும் உண்டு. அவை தரும் புளிப்பு, கெடுதல் செய்யும் கிருமிகளை அடக்குகிறது. தானியத்திலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தைக் குறைத்து, சத்து உடம்பில் சேர உதவுகிறது. ஆனால் எத்தனை புளித்தாலும் மாவில் ஏறிய கசப்பு போகாது.

நல்ல கூழை அறிவது

நல்ல கூழில் மோர் போன்ற இளம்புளிப்பு வாசமும், அதனடியில் கம்பின் இனிப்பு மணமும் இருக்கும். மாவில் இருந்த சாம்பல் நிறம் புளிப்பேறியதும் வெளுத்திருக்கும். குருணை நாக்கில் தட்டுப்படும். புளிப்பு நாக்கில் பட்டவுடன் தெரிந்து, விழுங்கியதும் மறையும். பழைய மாவின் கசப்பு விழுங்கிய பிறகுதான் தொண்டையில் எழுந்து நிற்கும். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் சீனியவரை வத்தலும் கடித்துக்கொண்டு குடிக்கையில் முதல் வாயில் இது தெரியாது. சொம்பு காலியானதும் தெரியும். காலையில் கரைத்த கூழ் மதியம் வரை உத்தமம். மாலையில் புளிப்பு மிஞ்சும். மறுநாள் நுரைத்து நிற்பதைத் தள்ளுவதே நல்லது.

பிற நாட்டார் வழக்கம்

தானியத்தைப் புளிக்கவைத்துப் புதிதாய்க் குடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. கம்பின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. அதே கண்டத்தின் தெற்கே, நமீபியாவின் வடபகுதி மக்கள் கம்பு மாவும் முளைகட்டிய சோள மாவும் சேர்த்து ஓஷிகுண்டு என்ற பானம் செய்து, அன்றைக்கே குடித்துத் தீர்க்கிறார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் முளைகட்டிய கோதுமை பாதிக்குக் குறையாமல் சேர்த்து ஒரு வகை பீர் காய்ச்சுகிறார்கள். அதை வடிகட்டாமல், ஈஸ்டோடு கலங்கலாகவே ஊற்றுவது வழக்கம். அதிலுள்ள வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் ஈஸ்ட் தருவது. நாள்பட்டால் அந்த வாசம் மங்கும் என்பதால், ரசித்துக் குடிப்பவர்கள் புதுச் சரக்கையே கேட்கிறார்கள். மது நமக்கு வேண்டாம். ஆனால் பானம் எப்போது தயாரானது என்று கேட்டு வாங்கும் அந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கம்பைத் தானியமாகவே கொள்முதல் செய்து தானியமாகவே இருப்பு வையுங்கள். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பல்லில் கடித்தால் மணி நறுக்கென்று உடைய வேண்டும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

2. ஒரு வாரத்தில் விற்கும் அளவுக்கு மட்டும் அரையுங்கள். கூழ் வண்டிக்காரர்களுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை கொடுப்பது இன்னும் நல்லது.

3. கூடுதல் நாள் தாங்க வேண்டுமானால், கம்பை வாசம் எழும் வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறிய பின் அரையுங்கள். சூட்டில் லைப்பேஸ் அடங்கும். ஆனால் மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். ஆகவே பழைய கூழ் சிறிது உறை ஊற்றச் சொல்லி விற்க வேண்டும்.

4. பாக்கெட்டில் சட்டப்படி போட வேண்டிய விவரங்களோடு, அரைத்த தேதியையும் தனியாக அச்சிடுங்கள்.

5. விற்குமுன் ஒரு சிட்டிகை மாவை வெந்நீரில் கரைத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் அந்தச் சரக்கை விற்க வேண்டாம்.

அன்று திரும்பி வந்த பாக்கெட்டுகளுக்கு எல்லாம் பணம் கொடுத்தோம். மாவு மாட்டுத் தொட்டிக்குப் போனது. அந்த நஷ்டத்தை அடுத்த வருடமே ஈடுகட்டினோம். ஆனால் பல வருடம் கழித்து முதல்முறையாகக் கம்பு வாங்கிப் பார்த்த வீடுகள் சில இருந்தன. கம்பு என்றாலே கசப்புதான் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலரை இன்றுவரை திரும்ப அழைத்து வர முடியவில்லை. அப்படி ஒதுங்கும் ஒவ்வொரு வீட்டோடும் மழையை நம்பிக் கம்பு விதைக்கும் சம்சாரிக்கு ஒரு கிராக்கி குறைகிறது, நமக்கு ஒரு வியாபாரம் குறைகிறது. கம்பைக் கொண்டாடும் விளம்பரத்தை அரசாங்கம் செய்துவிட்டது. கசக்காத மாவைக் கொடுப்பது வணிகர்களாகிய நம் பொறுப்பு.