நீலகிரித் தைலம் மூக்கைத் திறக்கிறதா?

வாழப்பாடிப் பக்கம் மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்ததும், பாக்குத் தோப்பு வீடானாலும் சரி, கடைத்தெரு வீடானாலும் சரி, ராத்திரி ஒரு வாசனை கமகமவென்று எழும். நீலகிரித் தைலந்தான்! ஊட்டிக்குப் போய் வந்த யாரோ கொடுத்த சீசா உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்குமே?

மரம் என்னவோ நம் நாட்டு மரமல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் நீலகிரிக்குக் குடிவந்தது. இலையை ஆவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரச் செய்தால் தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். அதில் பெரும்பங்கு 'சினியோல்' என்ற பொருள்.

சரி, முகர்ந்தவுடன் அடைத்த மூக்கு திறந்துகொள்கிறதே, அது நிஜமா? பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து விஞ்ஞானிகள் 1983-இல் இதைச் சோதித்தார்கள். முகர்ந்தவர்கள், "ஆகா, மூச்சு தாராளமாகப் போகிறது" என்றார்கள். அளந்து பார்த்த கருவியோ, "வழி கொஞ்சமும் அகலவில்லை" என்றது! மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகள் செய்யும் மாயம் அது. போகட்டும், நிம்மதியாகத் தூங்க வைக்கும் மாயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் சினியோல் வெறும் மாயமும் அல்ல. ஜெர்மனியில் பான் நகரத்து டாக்டர்கள், ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமல் இருக்க முடியாத 32 ஆஸ்த்மா நோயாளிகளைக் கொண்டு 12 வாரம் பரிசோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். சினியோல் சாப்பிட்டவர்களுக்கு ஸ்டீராய்டு அளவை 36 சதவீதம் குறைக்க முடிந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7 சதவீதந்தான். உடனே சீசாவைத் திறந்து வாயில் விட்டுக்கொள்ளாதீர்கள், அம்மா! அவர்கள் கொடுத்தது சுத்தம் செய்து அளந்து அடைத்த 200 மில்லிகிராம் குளிகை, டாக்டரின் கண்காணிப்பில்.

சீசாவில் இருப்பதோ வேறு விஷயம். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் போதும், குழந்தைக்கு வலிப்பு வரலாம், பிரக்ஞை தப்பலாம். பெரியவர்களும் தப்புவதில்லை. தென்னிந்திய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வலிப்புடன் வந்த 350 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், 55 பேருக்கு இத்தகைய வாசனைத் தைலங்களோடு தொடர்பு இருந்தது. தைலத்தை விழுங்கியவர்கள் மட்டுமல்ல, முகர்ந்தவர்களும் பூசிக்கொண்டவர்களும் அதில் உண்டு.

ஆகவே வலிப்பு வந்தவர்கள் உள்ள வீட்டில் தைலமே வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் தடவ வேண்டாம், பாட்டி சொன்னாலும்! கொதிக்கும் பானையைப் போர்வைக்குள் வைத்துக் குழந்தைக்கு வேது பிடிப்பதும் வேண்டாம். பானை கவிழ்ந்தால் சளியை விடப் பெரிய துன்பம். இருமல் மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் தைலச் சீசாவை வைக்காதீர்கள். அவசரத்தில், அரை இருட்டில், கை மாறிவிடும். அப்படியும் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.