மெக்காலே அன்று லண்டனில் இல்லை

சுதந்திர தினம் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். பழுப்பேறிய காகிதம், மூலையில் மெக்காலேயின் முகம், கீழே 1835 பிப்ரவரி 2 என்று தேதி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை என்று ஒரு குறிப்பு. இந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ தாம் பார்க்கவில்லை என்றும், இந்த நாட்டின் பண்பாட்டு முதுகெலும்பை முறிக்காமல் இவர்களை வெல்ல முடியாது என்றும், அதற்காகவே இவர்களுடைய கல்விமுறையை மாற்ற வேண்டும் என்றும் மெக்காலே பேசியதாக அது சொல்லும். பள்ளி ஆண்டு மலர்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் இந்த உரை பலமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறது.

அந்தத் தேதியில் மெக்காலே லண்டனில் இல்லை; கல்கத்தாவில் இருந்தார். இந்தியாவில் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராகும் பொருட்டு நாடாளுமன்ற இடத்தை விட்டுவிட்டுக் கப்பலேறியவர், 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். மெக்காலே பல்லக்கில் நீலகிரி ஏறிப்போய் அவரைச் சந்தித்து, மழைக்காலத்தில் சில வாரங்களை அங்கேயே கழித்துவிட்டு, பிறகுதான் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1835 பிப்ரவரியில் அவர் இந்திய மண்ணை மிதித்து எட்டு மாதம்கூட முடியவில்லை. குறுக்கும் நெடுக்கும் சுற்றியதாகச் சொல்வதற்கே அவகாசம் இல்லை.

ஆனால் தேதியை யாரும் காற்றிலிருந்து பிடித்துப் போடவில்லை. அதே 1835 பிப்ரவரி 2 அன்றுதான் மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் கையெழுத்திட்டார். சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சிலேயே, இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியம் முழுவதும் சேர்ந்தாலும் நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்கிறார். மெக்காலேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்புகிறவருக்கு அவர் கைப்பட எழுதிய சாட்சியமே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொய்ச் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கைக் கெடுக்கிற வேலை. போதாக்குறைக்கு, போலி உரையில் மெக்காலே இந்தியாவை வானளாவப் புகழ்கிறார். உண்மையான மெக்காலே அப்படிப் புகழ்ந்தவர் அல்ல.

எல்லா மேற்கோள் பிழையும் இப்படித் திட்டமிட்ட பொய்யாக இருப்பதில்லை. வால்டேர் பெயரில் உலகமே சொல்லும் கருத்துரிமை வாசகத்தை எடுத்துக்கொள்ளலாம்: நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்பது அதன் சாரம். வால்டேர் எழுதிக் குவித்தவற்றில் அந்த வாக்கியம் கிடையாது. 1906ஆம் ஆண்டு எவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, எஸ். ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில், வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்களில் ஒருவர் ஹெல்வெட்டியஸ். 1758இல் அவர் வெளியிட்ட நூல் திருச்சபை, அரசு இரண்டின் கோபத்துக்கும் ஆளாகி, மறு ஆண்டு பாரிசில் தீயிலிடப்பட்டது. வால்டேருக்கு அந்த நூல் அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை. எரித்தது அதைவிடப் பிடிக்கவில்லை. அந்த மனநிலையை விளக்க ஹால் தாமே ஒரு வாக்கியம் அமைத்தார். அதைத் தன்மையில் அமைத்து மேற்கோள் குறிக்குள்ளும் போட்டுவிட்டார். அந்த இரண்டு குறிகள் செய்த வேலைதான் எல்லாம். வால்டேர் அப்படியே சொன்னதாகத் தாம் காட்ட நினைக்கவில்லை என்று ஹால் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் விளக்கினார். வாக்கியம் அதற்குள் அவர் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு பெரிய மனிதரின் சிந்தனையை அவரைவிடச் சுருக்கமாகச் சொன்ன பெண்ணின் பெயர் இன்று மேற்கோள் அகராதிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

மரி அன்டோய்னெட்டுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டுமே என்று பிரான்சின் ராணி சொன்னதாகப் பாடப்புத்தகம் தொட்டு சினிமா வசனம் வரை கேட்டிருக்கிறோம். ரூசோ தம் தன்வரலாற்றில் இதைச் சொன்னவர் யாரோ ஒரு இளவரசி என்கிறார், பெயர் சொல்லவில்லை. அந்தப் பகுதியை அவர் எழுதியது 1760களில். 1755இல் வியன்னாவில் பிறந்த மரி, பிரான்சுக்கு மணமகளாக வந்ததே 1770இல்தான். புரட்சிக் கதைக்கு இரக்கமற்ற ராணி ஒருத்தி தேவைப்பட்டாள், பெயர் அவள்மேல் ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் ஊர் பேர் தெரியாத நல்ல வாசகங்களுக்கெல்லாம் தகப்பன் காந்திதான். முதலில் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு கேலி செய்வார்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள், கடைசியில் நீ ஜெயிப்பாய் என்ற வாசகம் தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் உதவுகிறது. இதற்கு மிக நெருக்கமான பேச்சு 1918இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் பதிவாகியிருக்கிறது. பேசியவர் நிக்கோலஸ் க்ளைன். அவருடைய வரிசையில் எதிரிகள் உன்னைக் கொளுத்தவும் பார்க்கிறார்கள், கடைசியில் உனக்கே சிலையும் வைக்கிறார்கள். அந்தச் சிலை சமாசாரம் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அது இருந்திருந்தால் வாசகம் இன்னும் காரமாக இருந்திருக்கும்.

உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு என்ற வாசகமும் காந்தியின் எழுத்தில் அந்த உருவத்தில் இல்லை. ஆனால் அதன் வேர் இருக்கிறது, எதிர்பாராத ஓரிடத்தில். 1913இல் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் பற்றி அவர் தொடர் எழுதிவந்தார். பாம்புக்கடியைப் பற்றிய பகுதியில், நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் நம்மை நோக்கி மாறும் என்ற எண்ணத்தை விரித்துச் சொல்கிறார். பாம்பும் விஷமும் கழன்று இந்த வாசகம் மட்டும் சுவரொட்டிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று நாம் அறிந்த வடிவத்தை ஒட்டிய சொற்கள் 1970களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆர்லீன் லோரன்ஸ் என்ற ஆசிரியை தம் பள்ளித் திட்டத்தைப் பற்றி எழுதியதில் இருக்கின்றன. காந்தியின் மொத்த எழுத்தும் 100 தொகுதிகளாக அச்சில் கிடைப்பதால்தான் இவ்வளவு உறுதியாகத் தேட முடிகிறது.

சில வாசகங்களில் உரியவர் கையிலேயே குழப்பம் தொடங்குகிறது. பொய், அப்பட்டமான பொய், புள்ளிவிவரம் என்று மூன்று வகை உண்டு என்ற கிண்டலை டிஸ்ரேலி சொன்னதாக மார்க் ட்வெய்ன் எழுதினார். டிஸ்ரேலியின் எழுத்திலோ பேச்சிலோ அதைக் காணவில்லை. இன்று பலர் அதை ட்வெய்ன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ராட்சதர்களின் தோள்மேல் நிற்பதாக நியூட்டன் ஹூக்குக்கு எழுதிய கடிதம் உண்மையானது. ஆனால் அந்த உவமை 12ஆம் நூற்றாண்டின் பெர்னார்டு ஆஃப் சார்ட்ரஸ் வரை பின்னோக்கிப் போகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1965இல் இந்த ஒரே வாக்கியத்தின் வம்சாவளியைத் தேடி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், அதுவும் வேண்டுமென்றே கிளைக்கதைகளில் வழிதவறித் திரியும் புத்தகம்.

தமிழ்நாட்டுச் சுவர்களில் அதிகம் தொங்கும் மேற்கோள் கீதாசாரம்தான். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் நன்மைக்கே என்று ஆறுதல் சொல்லும் அந்த வாசகத்தை ரைஸ்மில் கல்லாப்பெட்டி முதல் வக்கீல் அறை வரை பார்க்கலாம். பகவத்கீதையின் 18 அத்தியாயங்களையும் 700 சுலோகங்களையும் புரட்டினாலும் இந்தப் பத்தி வராது. துக்கப்படாதே என்று கிருஷ்ணன் சொல்வது உண்டு. ஆனால் நடப்பதெல்லாம் நல்லதுக்கே என்பது போருக்கு எழுப்பப்படும் அர்ஜுனனுக்குக் கொடுத்த பதில் அல்ல.

அண்ணா மேடைதோறும் முழங்கியதால் ஒன்றே குலம், ஒருவனே தேவன் என்ற வரியை அவருடையது என்றே நினைப்பவர்கள் உண்டு. அது திருமூலரின் திருமந்திரத்தில் இருக்கிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலுக்கு வேறு விதமான கதி. கணியன் பூங்குன்றனார் பெயர் சரியாகவே சொல்லப்படுகிறது, முதல் வரியோடு மேற்கோள் முடிந்துவிடுகிறது. ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் ஊழின் வழி போகிறது என்று சொல்லும் மிச்சப் பாட்டை வரவேற்பு வளைவில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது சரிபார்ப்பது முன்பைவிட எளிது. வள்ளுவர் சொன்னதாக வருவதுதான் எளிதில் பிடிபடும்: 1330 குறளில் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் தீர்ந்தது. ஔவையார் என்றால் எந்த ஔவையார் என்ற கேள்வி முதலில் வரும். சங்கப் பாடல் பாடியவர் வேறு, ஆத்திசூடி தந்தவர் வேறு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்கள் பலவற்றைத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பெரியார் பேச்சு என்றால் 'குடி அரசு', 'விடுதலை' இதழ்களில் தேடலாம். சிக்கல் அப்துல் கலாம் போன்றவர்களிடம்தான். எண்ணற்ற பள்ளி, கல்லூரி மேடைகளில் மாணவர்களோடு பேசியவர் அவர். அந்தப் பேச்செல்லாம் அச்சேறவில்லை. அதனால் அவர் படத்தோடு வரும் வாசகத்தை அவருடையதுதான் என்று நிறுவுவதும் கடினம், இல்லை என்று மறுப்பதும் கடினம். புத்தகம், பக்கம், மேடை, தேதி என்று ஏதாவது ஒன்றை அனுப்பியவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை வரும்.