முதுகுவலியைச் சலிக்கும் சல்லடை

இருபது வயது இளைஞர் ஒருவர் காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்திருப்பதை உணர்கிறார். நடமாடினால் வலி குறைகிறது, ஓய்வெடுத்தால் குறைவதில்லை. பாரம் தூக்கியதால் வரும் முதுகுவலியோ பெரும்பாலும் ஓய்வில் தணியும். அப்படியானால் இவருக்கு வந்திருப்பது என்ன?

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் நோயாக இருக்கலாம். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளில் அழற்சி தொடங்குகிறது. நாளடைவில் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில் கழிபோல் வளையாமல் போய்விடும். எனவே தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும்.

ஆனால் இந்நோயை உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை என்று எதுவும் இல்லை. ஆகவே அறிஞர்கள் பல அடையாளங்களைச் சேர்த்து விதிகள் வகுத்தனர். 1961-இல் ரோம் விதிகளும், 1966-இல் நியூயார்க் விதிகளும் தோன்றின. 1984-இல் திருத்தப்பட்ட நியூயார்க் விதிகளின்படி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூட்டுச் சிதைவு தெரிந்தே ஆக வேண்டும். அது தெரியப் பல ஆண்டுகள் ஆகலாமே! அதுவரை நோயாளி விதிக்கு வெளியேதான் நிற்பார்.

இக்குறையைப் போக்க, 2009-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று புதிய விதிகளை வெளியிட்டது. 45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதங்களுக்குமேல் நீடிக்கும் முதுகுவலியே இதன் தொடக்கப் புள்ளி. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் அழற்சியும் சான்றாக ஏற்கப்பட்டது. எச்.எல்.ஏ. பி-27 என்னும் மரபுக்கூறுடன் வேறு இரண்டு அடையாளங்கள் இருந்தாலும் போதும்.

இவ்விதிகள் எவ்வளவு நம்பகமானவை? 649 நோயாளிகளிடம் சோதித்தனர். நோய் உள்ளவர்களில் சுமார் 83 விழுக்காட்டினரையும், இல்லாதவர்களில் சுமார் 84 விழுக்காட்டினரையும் விதிகள் சரியாகப் பிரித்தன.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். முதுகுவலியுள்ள 1000 பேரில் 100 பேருக்கு இந்நோய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். சல்லடையில் 83 பேர் சிக்குவர். 17 பேர் நழுவிவிடுவர். நோயில்லாத 900 பேரில் 16 விழுக்காடு, அதாவது 144 பேர், தவறாகச் சிக்குவர். சிக்கிய 227 பேரில் உண்மையான நோயாளிகள் 83 பேர்தான்!

அதனால்தான் இவ்விதிகளை முக்கியமாக ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தெரிவு செய்யவே பயன்படுத்துகின்றனர். பி-27 உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. சல்லடை சலித்துத்தான் தரும். கல்லையும் அரிசியையும் பார்த்துப் பிரிக்க மருத்துவரின் கண்ணும் கையும் வேண்டும். மாணவர்களே, விடாத முதுகுவலியை அலட்சியம் செய்யவும் வேண்டாம். விதிகளைப் படித்துவிட்டு நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம்!