கூரை முதலா? கார் முதலா?

சேத்துப்பட்டு என்றதும் சென்னைவாசிகளுக்கு மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் சொல்வது அந்தச் சேத்துப்பட்டு அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருக்கும் சேத்துப்பட்டு. லூர்து அன்னை ஆலயமும் நெல் வியாபாரமும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. பக்கத்திலுள்ள ஆரணியோ பட்டுக்குப் பேர் போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்யும் குடும்பங்கள் பல உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். தகப்பனாரும் தாயாரும் தறியில். பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம். கையில் கொஞ்சம் சேமிப்பு. சனி, ஞாயிறு விடுமுறைக்குப் பிள்ளை ஊருக்கு வருகிறான்.

"அப்பா, ஆரணியில ஒரு பழைய கார் விலைக்கு வந்திருக்காம். நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"பார்க்கலாம்ப்பா. தறி அறையில ஒழுகுதே, அதுக்கு ஒரு வழி சொல்லு முதல்ல" என்கிறாள் தாயார், அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்பாவுக்கு வயதாகிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறிப் போய் வருவது சிரமம். ஆனால் இருக்கிற பணமோ ஒரு காரியத்துக்குத்தான் வரும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். பழைய காரை வாங்கிப் பார் என்பதையும் நாம் சேர்த்துக் கொள்ளலாம்.

வீடே பட்டறை

உத்தியோகஸ்தர் வீட்டில் கூரை ஒழுகினால் ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளித்து விடலாம். நெசவாளி வீட்டில் அது நடக்காது. பட்டு ஈரத்தை இழுக்கும். நனைந்த பட்டு நூலின் வலு குறையும்; இழை அறும்; சாயம் கலங்கவும் கூடும். குழித்தறியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மழைக் காலத்தில் குழியிலேயே நீர் ஊறிவிடும். தறி நின்றால் கூலியும் நின்றது. ஆகவே அந்த வீட்டில் கூரையும் ஒரு தொழில் கருவிதான்.

இன்னொரு விஷயம். கான்கிரீட் தளத்தில் இறங்கும் நீர் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்ததும் கான்கிரீட்டைப் பிளந்து கொண்டு வெளியே வரும். இந்த வருஷம் பூச்சு வேலையோடு போவது, நாலு வருஷம் கழித்துத் தளத்தையே இடிக்கும் வேலையாகி விடலாம். கார் அடுத்த மாதமும் விலைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நமக்காகக் காத்திருக்காது.

பெயிண்ட் மருந்தல்ல

சுவரில் கறை தெரிந்தவுடன் பெயிண்ட் டப்பாவை வாங்கி வருவதுதான் பலர் செய்யும் காரியம். பெயிண்ட் கறையை மறைக்கும், ஒழுகலை நிறுத்தாது. முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழை நீர்க் குழாயை இலை, குப்பை அடைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் விரிசல் உண்டா? தட்டோடு பதித்த தளமானால் ஓட்டுக்கு ஓடு நடுவே உள்ள சிமெண்ட் உதிர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் வில்லங்கம் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

சுவரில் ஈரம் என்றால் அதற்கும் எளிய சோதனை உண்டு. ஒரு சாண் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குணமாகும்.

சிமெண்ட் பூச்சு வேலை நடந்தால் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கொத்தனார் போன பிறகு வீட்டார் செய்ய வேண்டிய வேலை இது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட். பங்குனி, சித்திரையில் இதையெல்லாம் முடித்து விட்டால் மழைக்குப் பயமில்லை.

அன்று அம்பாஸிடர்

இனிக் காருக்கு வருவோம். ஒரு காலத்தில் நம் நாட்டில் புதுக் கார் வேண்டும் என்றால் பணம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். அம்பாஸிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ரகங்கள்தான். பதிவு செய்து விட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் பழைய காருக்கும் ஏக கிராக்கி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2014-ல் அம்பாஸிடர் உற்பத்தியே நின்று போயிற்று. இன்று பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, "இன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வண்டி போய்விடும்" என்று தரகர் சொன்னால் பதற வேண்டியதில்லை.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

காரைக் காலை வேளையில், என்ஜின் ஆறியிருக்கும் போது பார்ப்பது நல்லது. நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீல நிறப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசியலாம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர். மீட்டர் 20 ஆயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, டயரோ மாற்றிப் போட்டதாக இருக்கிறது என்றால் மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் முழுகின. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்தால் வெளிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் விடாதீர்கள். நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனால் அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

பெயர் மாறாத வண்டி

கடைசியாக, மிக முக்கியமானது: காகிதம். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். பாங்குக் கடன் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துப் படிவம் 35 வாங்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரி வண்டி மலிவு என்று வாங்குகிறவர்கள் கவனிக்க: வேறிடத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறு பதிவு அவசியம். வரியையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் என்ன ஆகும்? வடக்கே ஒருவர் 2007-ல் காரை விற்றதாகச் சொன்னார். ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. கார் பல கை மாறியது. 2009-ல் விபத்து, உயிர்ச் சேதம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. காரை விற்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுவரானாலும் காரானாலும் பாடம் ஒன்றுதான். புதுப் பூச்சைப் பார்த்து மயங்காமல் அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். நம் நெசவாளி வீட்டாருக்கு நமது யோசனை இது: இந்தச் சனிக்கிழமை கொத்தனாரைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போய்க் காரைப் பார்த்து விட்டும் வாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை. அட்வான்ஸ் மட்டும் தறி அறை உலர்ந்த பிறகு கொடுக்கலாம். நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ஒரு நாள் வாடகைக் கார் போதும். தறி ஓடினால் காருக்கு வேண்டிய பணம் மறுபடியும் சேரும்.