நகரின் குடிநீரும் மலையடிவாரப் பண்ணைகளும்

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. அங்குள்ள பால்பண்ணைகளின் சாணமும் உரமும் மழைநீருடன் ஓடையில் கலந்தால் குடிநீர் கெடும். 1990-ல் நகர நிர்வாகம் கடும் விதிகளை முன்வைத்தபோது, பிழைப்பே போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்தனர்.

இரு தரப்பும் கூடிப் பேசியதன் பயனாக, 1992-ல் விரும்பியவர் மட்டும் சேரும் பண்ணைத் திட்டம் தொடங்கியது. சாணக்கிடங்கு, ஓடைக்கரை வேலி, கரையோரப் புல், மரம் ஆகியவற்றுக்கு நகரம் பணம் கொடுத்தது. 1997-ல் நகரம், மாநில அரசு, கவுண்டி எனப்படும் வட்டார அரசுகள், சிற்றூர்கள் ஆகியவை ஒப்பந்தம் செய்துகொண்டன.

இதனால் அந்நீருக்குப் பல நூறு கோடி டாலரில் வடிகட்டு நிலையம் கட்டும் செலவு நகருக்கு மிச்சமானது. விவசாயிகளுக்குத் தொழிலைக் கைவிடாமலே ஓடையைக் காக்க வழி கிடைத்தது.

சாணமும் மேல்மண்ணும் ஓடையில் போகாமல் வயலில் நின்றால் நிலத்துக்கும் நல்லது. ஓடையோரம் நிலமுள்ளவர்கள் கரையையொட்டிப் புல் வளர்த்துப் பயன்பெறலாம்.